எவுவாவிலிருந்து பத்து மூட்டைப் பட்டை

லபாஹா, தொங்கதாப்புத் தீவு
2 மார்ச் 1977

மதிப்புக்குரிய நாத்தனார் அகாத்தாவுக்கு,

லொசாலியா எழுதுகிறேன். நாம் பேசி இரண்டு வருடமும் சில நாட்களும் ஆகின்றன. என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எல்லோரும் நலம்.

லவீனியாவுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. ஜூலை முப்பது, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு எங்கள் கோவிலில். மாப்பிள்ளை கொலோங்கா ஊர்க்காரர், பெயர் பவுலியாசி, தச்சு வேலை. குடிப்பதில்லை. பாடுவார் என்கிறார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் மகள் திருமணத்தில் முதல் இடம் அத்தைக்கு. வயதில் நான் உங்களைவிட ஆறு வருடம் மூத்தவள். முறையில் நீங்கள் எனக்கு மேலே. அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. நீங்கள் வந்து அந்த இடத்தில் உட்கார வேண்டும்.

அடுத்தது மரவுரி. ஐம்பது கட்டம் செய்கிறோம். வெள்ளை உரியெல்லாம் அடித்து, கூவைக்கிழங்குப் பசையில் ஒட்டத் தயாராக வைத்திருக்கிறோம். சாயத்துக்குக் கொக்காப் பட்டை வேண்டும். இந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் இது அப்பா இல்லாமல் நடக்கிற திருமணம். சாயமாவது அவர் நிலத்திலிருந்து வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். எவுவா மேட்டில் உங்கள் அண்ணன் சேதெபானோவின் பங்கில் மூன்று கொக்கா மரங்கள் உங்கள் பொறுப்பில் நிற்கின்றன. ஜூன் கடைசிக்குள் பத்து மூட்டைப் பட்டை அனுப்புங்கள்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. அடக்கம் நடந்த அன்று என் கணவரைக் கிடத்தியிருந்த மரவுரியை நீங்கள் எச்சில் விரலால் தேய்த்தீர்கள். சிவந்த விரலைத் தூக்கிக் காட்டி, "பாருங்கடி, கடைச் சாயம்! எங்கண்ணனைக் கடைச் சாயத்துல கிடத்தியிருக்கா!" என்று முப்பது பெண்கள் முன்னால் சொன்னீர்கள். முறைப்படி உங்களுக்குச் சேர வேண்டிய அந்த மரவுரியை எடுத்துக்கொள்ளாமலே கப்பல் ஏறினீர்கள். அது இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

நான் என் ஆயுளில் கடைச் சாயம் வாங்கியதில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டை கேட்கிறேன்.

இப்படிக்கு,
லொசாலியா


ஓஹோனுவா, எவுவாத் தீவு
மார்ச் 14

அண்ணி,

கவரைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு நீதான்னு. பென்சில்ல கோடு போட்டு, அதுமேல விலாசம் எழுதி, அப்புறம் கோட்டை ரப்பரால அழிச்சிருக்கே. அறுபத்தொம்பது வயசுல யாரு மார்க் போடப் போறா உனக்கு?

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். உன்னை மாதிரி பிரெஞ்சு சிஸ்டருங்க கிட்டப் பிரம்படி வாங்கிப் படிக்கல.

லவீனியாவுக்குக் கல்யாணம்னு கேட்டு மனசு நெறஞ்சுது. தொட்டில்ல கெடந்தப்ப என் மூக்கைப் பிடிச்சு இழுத்த புள்ள. பாடுற மாப்பிள்ளைன்னா அவளுக்கு ஏத்தவன்தான். அவ அப்பனும் பாடுவான், உன் காதுல விழாத தூரத்துல நின்னு.

மரம் மூணு இல்ல, ரெண்டு. ஒண்ணு போன புயல்ல சாஞ்சுருச்சு. ரெண்டும் ஆளோட இடுப்புத் தடிமன் இருக்கு. ஒரு பக்கமா மட்டும் சீவுனா பத்து மூட்டை தாராளமா வரும், மரமும் பொழைக்கும்.

தர்றேன். ஆனா ஒண்ணு. சாயம் தேய்க்கிற அன்னிக்கு உன் கூட்டத்துப் பொம்பளைங்க எல்லாரும் பலகைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருப்பாங்கல்ல. அவங்க முன்னால நீ வாயத் தெறந்து சொல்லணும், "எம் புருஷனுக்கு விரிச்சது கலப்படம்"னு. சொல்லு, பட்டையும் வரும், நானும் வருவேன். சொல்லலன்னா முதல் இடத்துல ஒரு தலகாணியத் தூக்கி வச்சுக்கோ.

அகாத்தா


லபாஹா
21 மார்ச்

மதிப்புக்குரிய அகாத்தாவுக்கு,

செய்யாததைச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். பட்டைக்காகச் சொல்ல மாட்டேன். மகளுக்காகவும் சொல்ல மாட்டேன்.

உங்கள் விரல் செய்த வேலை எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்ப் பெண்கள் கூட்டத்தை நடத்துகிறேன். பசை திரிந்திருந்தால் கிழித்து மறுபடி ஒட்டச் சொல்பவள் என்று பெயர். இப்போது நான் சாயச் சட்டியைக் கிளறும்போது பின்னால் பேச்சு நின்றுவிடுகிறது. போன வாரம் மாப்பிள்ளையின் அத்தை ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "பொண்ணு வீட்டு மரவுரி கொக்காதானே? சும்மா தெரிஞ்சுக்கத்தான்." லவீனியா அந்த ஆளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, அத்தை வந்து உக்காந்துட்டா யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க. வரலைன்னா, அத்தை சொன்னது நெசம்னு ஆயிடும். அவ்வளவுதான்" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆகவே மறுபடியும் கேட்கிறேன். உங்கள் நிபந்தனை இல்லாமல் பட்டை அனுப்புங்கள், நிபந்தனை இல்லாமல் வாருங்கள்.

வேறு ஊர்ப் பட்டை வாங்கமாட்டேன். பட்டை வராவிட்டால் மரவுரி வெள்ளையாகவே போகும். வெள்ளை உரியோடு ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும்.

லொசாலியா


ஓஹோனுவா
ஏப்ரல் 4

அண்ணி,

மெரட்டுறியா? வெள்ளையா அனுப்புவாளாம்! ஒரு கட்டத்துல கோடு கோணலா இருந்தாலே ராத்திரி சாப்பிடாதவ நீ.

இந்தக் கப்பல்ல ஒரு கூடைப் பட்டை அனுப்பியிருக்கேன். பத்து மூட்டை இல்ல, ஒரு கூடை. நெசமான கொக்கா எப்படி இருக்கும்னு மறந்திருப்பே, பார்த்து ஞாபகப்படுத்திக்க.

அகாத்தா


லபாஹா
30 ஏப்ரல்

மதிப்புக்குரிய அகாத்தாவுக்கு,

கூடை வந்தது. உங்கள் கேலியைப் படித்ததும் திருப்பி அனுப்பத்தான் எடுத்தேன். பிறகு வேறு யோசனை தோன்றியது. நீங்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளச் சொன்னீர்கள். அதையே செய்தேன்.

பட்டையின் மேல்தோலை நீக்கி, உட்பக்கத்தைச் சுரண்டி, நீர்ப்பருத்தி நாரில் பொதிந்து ஒரு முனையைத் தூணில் கட்டி முறுக்கினேன். உதவிக்கு ஃபிலோமேனா வந்தாள். எங்கள் கூட்டத்தில் பருமனானவளும் வாயாடியும் அவள்தான். "ஒரு கூடைப் பட்டைக்கு என்னையக் கூப்பிட்டியே, லொசாலியா, டீ போடப் போறியா?" என்றாள். வடிந்த சாற்றைக் காய்ச்சி, கண்டல் மரப்பட்டைச் சாறு கலந்து, ஒரு முழ உரியில் மூன்று முறை தேய்த்து, மூன்று நாள் புல்லில் காயவைத்தேன். நான்காம் நாள் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். கைக்குட்டையில் எதுவும் ஒட்டவில்லை. நாக்கில் வைத்தால் துவர்ப்பு. நாம் இருவரும் ஒப்புக்கொள்ளும் கொக்கா அது.

அதன் பிறகு சேதெபானோவின் மரவுரியைப் பரணிலிருந்து இறக்கினேன். இரண்டு வருடமாக நான் அதைப் பிரிக்கவில்லை. காரணம் எழுதத் தேவையில்லை.

நாற்பது இடங்களில் தேய்த்துப் பார்த்தேன். முப்பத்தொன்றில் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. ஒன்பதில் சிவந்தது. அந்த ஒன்பதும் ஒரே ஓரத்தில், ஒரு சாண் இடைவெளியில், வரிசையாக. நீங்கள் அன்று உட்கார்ந்திருந்ததும் அந்த ஓரத்தில்தான்.

சாயத்தில் கலப்படம் இருந்தால் அது ஒரு சாணுக்கு ஒரு சாண் வரிசை பிடித்து நிற்காது. ஆகவே அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன் அந்த மரவுரியோடு சுருட்டி வைத்திருந்தது என்னவென்று யோசித்தேன். ஒரு பாய். ஓரத்தில் சிவப்புக் கம்பளி நூலில் சாணுக்கொரு குஞ்சம் கட்டிய பாய். குஞ்சத்தை நனைத்துப் பிழிந்தேன். கைக்குட்டை இரத்தத்தில் முக்கியதுபோல் ஆனது. இதனுடன் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அந்தப் பாய், லவீனியா முதல் நற்கருணை வாங்கிய அன்று அவள் அத்தை கொடுத்தது.

என் தவறையும் எழுதுகிறேன். அவர் இறப்பதற்கு முன் பெய்த மழையில் பரணுக்கு மேல் கூரை ஒழுகி, அந்தச் சுருளை நனைத்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

லொசாலியா


ஓஹோனுவா
மே 25

அண்ணி,

ஒரு மாசமா உன் கைக்குட்டை என் பெட்டி மேல கெடக்கு. மகன் கேக்குறான், யாருக்கு அடிபட்டுதுன்னு.

எழுதவா வேண்டாமான்னு இருந்தேன். எழுதிடுறேன்.

எனக்குத் தெரியும், அண்ணி. அன்னிக்கே தெரியும். அந்த நூல நான்தான் வாங்கினேன். குஞ்சம் கட்டினப்பவே வேர்த்த கை செவந்துச்சு. அன்னிக்கு அந்த ஓரத்துல செவப்பைப் பார்த்ததும் எதோட செவப்புன்னு புரிஞ்சுது. புரிஞ்சுதான் விரல எச்சில் பண்ணித் தேச்சேன். உன் பேரைக் கெடுக்கத்தான் தேச்சேன்.

ஏன்னு நீ கேக்க மாட்டே. கேக்குற பழக்கம் உனக்குக் கெடையாது. நானே சொல்றேன்.

அண்ணன் புதன்கிழமை போனான். சேதி ரேடியோவுல வந்துச்சு. வியாழன் பூரா அலை, கப்பல் எடுக்கல. வெள்ளிக்கிழமை காலைல எடுத்தாங்க. வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன். உன் வாசல்ல வந்து நிக்கும்போது மணி நாலு. நீ ரெண்டு மணிக்கே பெட்டிய மூடிட்டே. மண்ணும் போட்டாச்சு. பொம்பளைங்க மேல வெள்ளை மணல் பரப்பிக்கிட்டு இருந்தாங்க.

உனக்கு நம்ம முறை தெரியும். வயசுக்கு வந்த பிறகு அண்ணனும் தங்கச்சியும் ஒரே கூரைக்குக் கீழ தூங்குறதில்ல. ஒருத்தர் இருக்குற அறைக்குள்ள இன்னொருத்தர் வர்றதில்ல. எனக்குப் பத்து வயசு ஆனப்போ அவன் பசங்க படுக்குற குடிசைக்குப் போயிட்டான். அதுலேர்ந்து அம்பத்தோரு வருஷம், ஒரு தடவகூட அவன் மொகத்த நான் நேரா உத்துப் பார்த்ததில்ல. மரியாதை. செத்த பிறகு ஒரு தடவ பார்த்திருக்கலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. தலைமாட்டுல உக்காந்து, ஆசை தீர, மூக்கு எப்படி, பொருவம் எப்படின்னு.

ரெண்டு மணி நேரம், அண்ணி.

இப்ப நான் சொல்லிட்டேன். உன் மரவுரி சுத்தமான கொக்கா. நீ பெட்டிய மூடினது மட்டும் சுத்தம் இல்ல.

அகாத்தா


லபாஹா
6 ஜூன்

மதிப்புக்குரிய அகாத்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

பிப்ரவரி மாத வெயில். இறந்து மூன்றாம் நாள். ஐஸ் கிடையாது. அடக்கம் இரண்டு மணிக்கு என்று குருவானவர் வியாழக்கிழமையே கோவிலில் அறிவித்துவிட்டார். பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். கப்பல் வருமா என்று யாரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. குறித்த நேரத்தில் குறித்ததைச் செய்தேன். என்னைத் தவிர அன்று அந்த வீட்டில் நிதானமாக இருந்தவர்கள் இல்லை.

நீங்கள் ஒப்புக்கொண்டதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். முப்பது பெண்கள் முன்னால் சொன்ன பொய்யை ஒரு கவருக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. எங்கே சொன்னீர்களோ அங்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

லொசாலியா


ஓஹோனுவா
ஜூன் 22

அண்ணி,

உன் கடுதாசிய என் மருமக வாசிச்சா. வாசிச்சுட்டு, "இவங்க நாட்டாமையா, ஒங்க அண்ணியா?"ன்னு கேட்டா.

பத்து மூட்டை ஏத்தி விட்டாச்சு. நானே நின்னு சீவச் சொன்னேன், ரெண்டு மரத்துலயும் காலை வெயில் படுற பக்கம் மட்டும். மேல தார்ப்பாய் கட்டியிருக்கு, உப்புத்தண்ணி படாது. இது லவீனியாவுக்கு. அவ எங்கண்ணன் மக. அவளுக்கும் நமக்கு நடுவுல இருக்குறதுக்கும் சம்பந்தம் இல்ல.

நான் வரல. அத்தைக்குன்னு ஒதுக்குற கேக்கு மேலடுக்கை யாருக்கு வேணாலும் வெட்டிக் குடு.

அகாத்தா


லபாஹா
12 ஜூலை

அகாத்தாவுக்கு,

பட்டை ஒரு சொட்டு உப்புநீர் படாமல் வந்து சேர்ந்தது. நல்ல பட்டை. உட்புறம் ஈரல்போல் சிவந்திருந்தது. பன்னிரண்டு பேர் மூன்று நாள் சுரண்டி, முறுக்கி, காய்ச்சினோம். எல்லோர் கையும் மணிக்கட்டு வரை பழுப்பு. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோது குருவானவர் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் நெருங்கிடுச்சு போல" என்றார்.

நேற்று திங்கட்கிழமை பலகையைப் போட்டோம். இந்தப் பக்கம் ஒன்பது பேர், அந்தப் பக்கம் ஒன்பது பேர். அச்சை வரிந்து கட்டி, அதன்மேல் உரியை இழுத்து, சாயம் தோய்த்த துணியால் தேய்த்துத் தேய்த்துத் தள்ளினோம். காலையில் ஏழு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் பதினொரு கட்டம் முடிந்தது. ஃபிலோமேனா வழக்கம்போல் மாப்பிள்ளையைப் பற்றி எழுத முடியாத நகைச்சுவைகளைச் சொன்னாள். லவீனியா எழுந்து ஓடிவிட்டாள்.

பன்னிரண்டாவது கட்டம் தேய்க்கும்போது நான் பேசினேன். என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். வேறு யார் மூலமாகவும் அது உங்களுக்கு வரக்கூடாது.

"எம் புருஷன் அடக்கத்தன்னிக்கு காலைல பதினோரு மணிக்கு ரேடியோ நெலையத்துலேர்ந்து ஆள் வந்து, எவுவா கப்பல் கெளம்பிடுச்சு, அகாத்தா அதுல வர்றாங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனார். நான் யாருகிட்டயும் சொல்லல. குருவானவர் வந்து, தங்கச்சிக்காகக் காத்திருக்கலாமான்னு கேட்டார். ரெண்டு மணின்னா ரெண்டு மணின்னு சொன்னேன்" என்றேன்.

யாரும் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். தேய்த்துக்கொண்டே ஃபிலோமேனா கேட்டாள்: "ஏன் லொசாலியா அப்படிப் பண்ணே?"

அதற்கும் பதில் சொன்னேன். நீங்கள் வந்தால் தலைமாட்டு இடம் உங்களுடையது. நான் எழுந்து கடைசி வரிசைக்குப் போக வேண்டும். நாற்பத்தொரு வருடம் அவரோடு இருந்தேன். தலைமாட்டை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காக உங்களிடமிருந்து அவர் முகத்தை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் ஆறாம் தேதிக் கடிதத்தில், கப்பல் வருமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். இந்த இரண்டு வருடமும், நான் பொய் சொல்லாதவள் என்ற ஒரே பிடிமானத்தில் உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைப் பதிலுக்குப் பதிலாகச் சொல்லவில்லை. பட்டை வந்தாகிவிட்டது, இனி உங்களிடமிருந்து எனக்கு வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

பிறகு மழை வந்துவிட்டது. இருபத்து நான்கு கட்டத்தோடு சுருட்டி வைத்தோம். மீதி இருபத்தாறும் இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை. அதற்கு மேல் தள்ளினால் கோடு எழுதவும் காயவும் நாள் போதாது.

நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் முதல் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். தலையணையும் இருக்காது. மாப்பிள்ளையின் அத்தைக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன், அந்த இடம் ஏன் காலியாக இருக்கலாம் என்று, காரணத்தோடு.

லொசாலியா


ஓஹோனுவா
ஜூலை 16

அண்ணி,

கொலோங்காக்காரிக்குமா சொல்லி அனுப்புனே! உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கறப்போ எவளாவது சம்பந்தி வீட்டுக்கு இதைச் சொல்லி அனுப்புவாளா?

நீ எழுதினத வச்சுக்கிட்டு கொல்லையில போய் உக்காந்திருந்தேன். நான் தலைமாட்டுக்கு வந்தாலும் ஒன்னைய எழுப்பியிருக்க மாட்டேன்னு எழுதலாம்னு பார்த்தேன். இப்ப எழுதுறது சுலபம். அன்னிக்கு நான் வந்திருந்தா ஒன்னைய எழுப்பித்தான் இருப்பேன். ஒரு வார்த்தைகூட சொல்லாம, மொறைச்சே எழுப்பியிருப்பேன். அது எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும்.

அதனால ஒன் மேல இருக்குற கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காத. பாதி இருக்கு. அந்த ரெண்டு மணி நேரம் எனக்குத் திரும்ப வராது.

வியாழக்கிழமைக் கப்பல்ல வர்றேன். கல்யாணத்துக்கு இல்ல, அதுக்கு முன்னால. பழைய பாவாடை ஒண்ணு எடுத்துட்டு வர்றேன், சாயம் பட்டா பரவால்லன்னு. பொண்ணோட அத்தை பலகையில உக்காந்து சாயம் தேய்க்கிறதா, ஊர் சிரிக்குமேன்னு மகன் குதிக்கிறான். சிரிக்கட்டும். அந்தப் பொம்பளைங்க முன்னாலதான் விரலத் தூக்கிக் காட்டினேன். அவங்க முன்னாலதான் சொல்லணும். சும்மா உக்காந்து சொல்ல எனக்கு வராது, கையில வேலை இருந்தாத்தான் வாய் வரும்.

அண்ணன் மரவுரிய எடுத்து வெளியில வை. அது என்னோடது. எடுத்துட்டுப் போறேன்.

அகாத்தா


லபாஹா
18 ஜூலை

அகாத்தாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. பதில் இன்றைய கப்பலிலேயே போகிறது.

பலகையில் வலது பக்கம், எனக்கு அடுத்த இடம் உங்களுக்கு. அந்தப் பக்கம் வெயில் விழாது. தேய்க்கும் துணி இங்கே இருக்கிறது, கொண்டுவர வேண்டாம். மதியத்துக்கு வள்ளிக்கிழங்கும், இலையில் பொதிந்து சுட்ட இறைச்சியும். உங்கள் பங்கில் வெங்காயம் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சேதெபானோவின் மரவுரி பிரித்து, தட்டி, நிழலில் காய்ந்து தயாராக இருக்கிறது. அந்த ஒன்பது இடங்களை நான் துடைக்கவில்லை. நீங்கள் சொல்லும்போது அவர்கள் பார்க்கட்டும்.

கூட்டத்துக்கு நேற்றே சொல்லிவிட்டேன், அகாத்தா வந்த பிறகுதான் பலகையில் கை வைப்போம் என்று. நீங்கள் வருவீர்களா என்பது அப்போது எனக்குத் தெரியாது. "லொசாலியா காத்திருக்கப் போறாளாம்டி, வானம் இடியப் போகுது!" என்று ஃபிலோமேனா கத்தியதில் கோழிகள் சிதறி ஓடின.

வியாழக்கிழமை கடல் எப்படி இருக்கும் என்று துறைமுகத்தில் விசாரித்தேன். அலை இருக்கலாம், கப்பல் பிந்தலாம் என்றார்கள். அவசரப்பட்டு ஆடும் கப்பலில் நிற்காதீர்கள், உட்கார்ந்தே வாருங்கள். பதினெட்டுப் பெண்களும் சாயமும் இங்கேதான் இருப்போம், எத்தனை மணியானாலும்.

உங்கள் அண்ணி,
லொசாலியா